சின்னத் தராசுக்கு இரண்டரை

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். துருப்பிடித்த இரும்பு எடைக்கல், மேலே வளையம், உடம்பில் ஏழு ராத்தல் என்று இங்கிலீஷில் அச்சு. கீழே ஒரு வரி: "அந்தக் காலத்து எடையிலும் பொய் இல்லை, மனுஷனிலும் பொய் இல்லை." கூடவே கும்பிடும் கை மூன்று. அவ்வளவுதான், நீங்கள் எல்லாரும் வரிசையில் வந்து பூங்கொத்து வைத்துவிட்டுப் போனீர்கள். சர்க்கரை மாத்திரையும் முட்டிவலித் தைலமும் தவிர வேறு பேச்சே இல்லாத நமக்கு ஒரு கல் கிடைத்ததும் என்ன சந்தோஷம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் தட்டலாம் என்று கைபேசியை எடுத்தேன். இது இரண்டு வரியில் அடங்குகிற சங்கதி இல்லை. அதனால் நோட்டில் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படியுங்கள்.

எங்கள் புளி மண்டி உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பேரிகைச் சந்தைக்குப் போகிற வழியில், முன்பக்கம் மண்டி, பின்பக்கம் எங்கள் வீடு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீங்களும்தான் சாக்குக்குள் கையை விட்டுப் புளியைக் கிள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். மண்டி என் பெரியத்தாவுடையது. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு மூத்தவர், குடும்பத்தில் அவர் சொன்னதுதான் சொல். அத்தா அவருக்குக் கீழே வேலைக்காரர் மாதிரிதான், ஆனால் தம்பி என்கிற மரியாதை உண்டு. மாசி பங்குனி வந்துவிட்டால் வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி வண்டியாகப் புளி வந்து இறங்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கொட்டையைத் தட்டி எடுப்பார்கள். வீடு முழுக்கப் புளி வாடை. தண்ணீர்ப் பானைக்குள்கூட அந்த வாடைதான். எங்கள் தலையணையை முகர்ந்தால் நாக்கில் எச்சில் ஊறும்.

மண்டியில் இரண்டு தராசு. உத்திரத்திலிருந்து சங்கிலியில் தொங்குகிற பெரிய தராசு வாங்குவதற்கு. புளியமரம் வைத்திருக்கும் சம்சாரிகள் கொண்டுவரும் மூட்டையை அதில்தான் தூக்குவார்கள். மேசைமேல் இருந்த பித்தளைத் தட்டுத் தராசு விற்பதற்கு. சில்லறைக்கு வருகிறவர்களும், மாலூர், ஆனேக்கல் வியாபாரிகளுக்கு மாதிரி எடுத்துக் கொடுப்பதும் அதில். எல்லாம் ராத்தல் கணக்கு. வீட்டில் வீசையும் பலமும் பேசினாலும் மண்டிக்குள் வந்தால் ராத்தல்தான். அரை ராத்தல் பித்தளைக் கல் ஒன்று இருந்தது. அதை நான் புளிக்கொட்டை உடைப்பதற்கு எடுத்துப்போய் ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்குவேன்.

எனக்குப் பத்து வயதான வருஷம்தான் கிலோ வந்தது. எடைக்கல்லுக்கு முத்திரை குத்துகிற முத்திரை ஆபீசர் ஜீப்பில் வந்து பழைய கல்லையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். பெரியத்தா இருபத்தெட்டு ராத்தல் கல் ஒன்றைப் புளிக் குவியலுக்குள் புதைத்து வைத்தார். ஆபீசர் நேராகப் போய் அந்தக் குவியலிலேயே காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்தார். அவருக்குக் கீழே கல் இருந்தது அவருக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போகும்போது ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு கிலோ என்றால் இரண்டு ராத்தலும் மூன்று அவுன்சு சொச்சமும், சுவரில் மாட்டுங்கள் என்றார். பெரியத்தா மாட்டினார். மறுநாளே அதற்கு முன்னால் மூட்டை அடுக்கிவிட்டார்.

ஜனங்களுக்குக் கிலோ பிடிபடவில்லை. எடை போடுவது கிலோவில், பேசுவது ராத்தலில். அதனால் ஒவ்வொரு தடவையும் மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும். பெரியத்தாவுக்குப் புள்ளிக் கணக்கு என்றால் தலைசுற்றல். அத்தா மூன்றாம் வகுப்போடு சரி. ஐந்தாம் வகுப்பில் கணக்கில் முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்த என்னைச் சின்னத் தராசுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்காரவைத்தார்கள். பொம்பளைப் பிள்ளையை மண்டியில் உட்காரவைக்கலாமா என்று பெரியம்மா முணுமுணுத்தாள். வயசுக்கு வருகிறவரைக்கும் உட்காரட்டும் என்று பெரியத்தா முடித்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கணக்கு இதுதான். பெரிய தராசில் வாங்கும்போது ஒரு கிலோவுக்கு இரண்டு ராத்தல். சின்னத் தராசில் விற்கும்போது ஒரு கிலோவுக்கு இரண்டரை ராத்தல். வாங்கும்போது குறைத்துச் சொல்வது, விற்கும்போது கூட்டிச் சொல்வது. இப்போது உங்களுக்கு உடனே விளங்குகிறது அல்லவா? எனக்கு விளங்கவில்லை. யாரும் என்னிடம் இது வாங்குவதற்கு, இது விற்பதற்கு என்று சொல்லவும் இல்லை. "பெரிய தராசுக்கு ரெண்டு, சின்னத் தராசுக்கு ரெண்டர. மறந்துறாத" என்றுதான் பெரியத்தா சொன்னார். கணக்கு தராசுக்குச் சொந்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இரண்டு புள்ளி இரண்டு என்று கரும்பலகையில் எழுதத்தான் செய்தார். நீங்களும் என்னோடு சேர்ந்து கத்தினீர்கள். அது பள்ளிக்கூடத்துக் கணக்கு என்று நினைத்தேன். நம் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இது ஒன்றும் அதிசயம் இல்லை. தண்ணீர் கேட்க வேண்டும் என்றால் சம்சாரி வீட்டில் தெலுங்கில் கேட்போம், வண்டிக்காரரிடம் கன்னடத்தில் கேட்போம், நம் வீட்டில் தமிழில் கேட்போம். தண்ணீர் ஒன்றுதான், இடத்துக்கு இடம் சொல் வேறு. கிலோவும் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். முட்டாள்தனம்தான். ஆனால் பத்து வயதில் அது எனக்குப் பெரிய விவரமாகப் பட்டது.

இனி தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பின் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவன். பிறந்ததிலிருந்தே மெலிவு. நாலாம் மாதம் வயிற்றுப்போக்கு வந்து அவனைப் பிடித்தது, விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. ஓசூர்ப் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் அத்தாவும் தூக்கிப் போனார்கள். அங்கே இருந்த மலையாளத்து சிஸ்டர் மருந்து கொடுத்து, ஓர் அட்டையும் கொடுத்தது. அட்டையில் கட்டம் கட்டமாக ராத்தல் அளவு அச்சடித்திருந்தது. அன்றைக்கு அவன் பத்து ராத்தல். பத்துக்கு நேராக சிஸ்டர் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு இழுத்தது.

"வாரா வாரம் பஸ் ஏறி வர வேண்டாம், பிள்ளைக்கு ஆகாது. உங்க கடையிலே தராசு உண்டல்லோ? வெள்ளிக்கிழமை தோறும் நிறுத்து இதிலே எழுதணும். இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினா, அன்னைக்கே கொண்டு வரணும். ஒரு நாள் தாமதிக்கக் கூடாது."

அம்மா இதை ஓதுகிற மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பத்துக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே. பத்துக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா அவனைக் குளிப்பாட்டி, வீட்டுக்கும் மண்டிக்கும் நடுவில் இருந்த அரைக்கதவு வழியாக என்னிடம் நீட்டுவாள். ஆம்பிளைகள் இருக்கும் மண்டிக்குள் அவள் வரமாட்டாள். பெரியத்தாவுக்கு முன்னால் நின்று பேசவும் மாட்டாள். நான் பித்தளைத் தட்டில் ஒரு துணியை நாலாக மடித்து விரித்து, அதே அளவு துணியை மறு தட்டிலும் வைத்து, அவனைப் படுக்கவைப்பேன். தட்டுக் குளிர்ச்சி முதுகில் பட்டதும் அவன் இரண்டு கையையும் விரித்துக்கொள்வான். தட்டு ஆடும்போது உத்திரத்தையே பார்ப்பான். அழமாட்டான். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு நினைத்திருக்கிறேன்.

முதல் வெள்ளிக்கிழமை இன்னும் பழைய கல் இருந்தது. பத்து ராத்தல். அடுத்த வாரம் முத்திரை ஆபீசர் வந்து போய்விட்டார். புதுக் கல்லில் நிறுத்தால் நாலு கிலோ நானூறு கிராம். சின்னத் தராசுக்கு இரண்டரை. மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். பதினொன்று. ஒரே வாரத்தில் ஒரு ராத்தல்!

அரைக்கதவுக்கு ஓடி, "அம்மா, பதினொன்னு!" என்று கத்தினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிப் பாயசம் வைத்து, பெரியம்மாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். அட்டையில் நான் பதினொன்று என்று அழகாக எழுதினேன். உண்மையில் அந்த நாலு கிலோ நானூறு, பத்து ராத்தலுக்குக் கொஞ்சம் கீழே. அன்றைக்கே அவனை பஸ் ஏற்றியிருக்க வேண்டும். நாங்கள் பாயசம் குடித்தோம்.

மறு வாரம் நாலு கிலோ முன்னூறு. இரண்டரையால் பெருக்கினால் பத்தே முக்கால். கொஞ்சம் இறங்கிவிட்டானே என்று அம்மா கேட்டாள். கோட்டுக்கு மேலேதானே இருக்கிறான் என்று நான் சமாதானம் சொன்னேன். அதற்கடுத்த வாரம் நாலு கிலோ நூறு. பத்தேகால். அவன் தொடையில் தோல் மடிந்து தொங்க ஆரம்பித்திருந்தது. கண் பெரிதாகிக்கொண்டு வந்தது. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "கண்ணு எவ்ளோ அழகா வருது பாரு" என்றாள். அவளும் கெட்டவள் இல்லை, அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை சரியாக நாலு கிலோ. பத்து ராத்தல். கோட்டின் மேலேயே வந்து நின்றது.

அன்றைக்கு மண்டியில் மாலூர் வியாபாரி ஒருவர் இருந்தார். பெரிய கிராக்கி. சின்னத் தராசில் மாதிரி நிறுத்து வைத்திருந்ததைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பெரியத்தா அவர் பக்கத்தில். அத்தா கீழே உட்கார்ந்து கோணியூசியால் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். நான் தம்பியைத் திருப்பிக் கொடுத்தபோது அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு என்னமோ நம்பிக்கையா இல்ல பாப்பா. தூக்குனா பஞ்சு மாதிரி இருக்கான். நேத்து இருந்த கனம் இன்னிக்கி இல்ல. கணக்கு சரிதானான்னு பெரியத்தாகிட்ட ஒரு வார்த்த கேளு."

நான் திரும்பி, நடு மண்டியில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன். "பெரியத்தா, சின்னத் தராசுக்கு ரெண்டரதானே? நாலு கிலோன்னா பத்து ராத்தல்தானே? கணக்கு சரிதானான்னு அம்மா கேக்குறாங்க."

மாலூர்க்காரர் கையில் இருந்த புளியைக் கீழே வைத்தார். "ஏனு சாபரே, லெக்க சரி இதியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கணக்கு சரிதானா என்று அவரும் கேட்கிறார்.

பெரியத்தா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டில் கிடந்த குழந்தைத் துணியைப் பார்த்தார். எனக்கு அந்த முகம் அப்படியே ஞாபகம் இருக்கிறது. அவருக்கு விளங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், விற்கிற கணக்கில் நான் பிள்ளையை நிறுத்தது அந்த நிமிஷம் அவருக்கு விளங்கிவிட்டது.

"சரிதான். எல்லாம் சரிதான், போ" என்றார்.

அத்தாவின் கை ஊசியோடு நின்றது. அவரும் தலையைத் தூக்கிப் பெரியத்தாவைப் பார்த்தார். பிறகு குனிந்து மறுபடியும் தைத்தார். வியாபாரி போன பிறகாவது ஒருவர் எழுந்து அரைக்கதவுக்கு வந்திருக்கலாம். பிள்ளையை நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போ என்று வேறு ஏதாவது சாக்குச் சொல்லியாவது அனுப்பியிருக்கலாம். அவர்களுக்குள் என்ன ஓடியது என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு ராத்தல் அரை ராத்தல் முன்னேபின்னே இருந்தால் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்திருப்பார்கள். புளி எடையில் அவ்வளவு முன்னேபின்னே போட்டுப் பழகியவர்கள். பிள்ளை பிழைக்க வேண்டாம் என்று இருவருமே நினைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

திங்கட்கிழமை அவன் பால் குடிப்பதை நிறுத்தினான். அம்மா யாரையும் கேட்கவில்லை. அவனைத் துணியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். அத்தா பின்னாலேயே ஓடிவந்தார். பை தூக்க நானும் போனேன். பஸ்ஸில் வழி நெடுக அம்மா அவன் உதட்டில் விரலால் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டே வந்தாள்.

சிஸ்டர் அவனைத் தன் தராசில் போட்டது. எட்டரை ராத்தல். அட்டையை வாங்கிப் பார்த்தது. மறுபடியும் தராசைப் பார்த்தது.

"வெள்ளிக்கிழமை பத்து, இன்னைக்கு எட்டரையோ? பொய்! இது முழுசும் பொய்! பஸ் ஏறி வர சோம்பல்பட்டு, கூட்டிக் கூட்டி எழுதியிருக்கு! யார் எழுதினது இது?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"நான்தாங்க எழுதுனேன்" என்றாள்.

சிஸ்டர் கெட்ட மனுஷி இல்லை. இரண்டு நாளும் அவன் பக்கத்திலிருந்து அது நகரவே இல்லை. ஆனால் அன்றைக்கு அம்மாவை நிற்கவைத்துத் திட்டிய திட்டு அந்த வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அத்தா ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

புதன்கிழமை காலையில் தம்பி போய்விட்டான்.

ஊருக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் கூடி, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று அத்தாவைக் கேட்டார்கள். "எடைய கூட்டி எழுதியிருக்காங்கன்னு சிஸ்டர் சொல்லுச்சி" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். பெரியத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மண்டியில் எடை போட்டது யார், பெருக்கியது யார், எதனால் பெருக்கச் சொன்னது யார் என்று தெரிந்த வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. ஒரே வாரத்தில் பேரிகை முழுக்க, சூளகிரி வரைக்கும், பஸ் ஏறச் சோம்பல்பட்டுப் பொய் எழுதிப் பிள்ளையை வாரிக் கொடுத்தவள் என்று அம்மாவுக்குப் பெயர் வந்தது.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்த பிறகு ஒரு மத்தியானம், துவைக்கிற கல்லடியில் அம்மா என்னைக் கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

"நீ எப்பிடிக் கணக்குப் போட்டே பாப்பா? அம்மாவுக்குச் சொல்லிக் காட்டு."

சொல்லிக் காட்டினேன். பெரிய தராசுக்கு இரண்டு, சின்னத் தராசுக்கு இரண்டரை. அம்மா வேறு ஊரிலிருந்து வாழ வந்தவள், மண்டியின் சங்கதி எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் ஒரே தடவையில் விளங்கிக்கொண்டாள். அந்த மண்டியின் வாசலில் எத்தனையோ வருஷம் ஏமாந்த சம்சாரிகளைவிட வேகமாக விளங்கிக்கொண்டாள்.

"உன் மேல தப்பு இல்ல. அவங்க சொன்னத நீ போட்ட. ஆனா இத ஆருகிட்டயும் சொல்லாத. சொன்னா அவங்கள ஆரும் கேக்கமாட்டாங்க. தம்பிய நீதான் தின்னுட்டேன்னு உன்னத்தான் சொல்லுவாங்க. நாளைக்கு உன்ன எவன் கட்டுவான்? எனக்கு வந்த பேரு எனக்கே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அவள் அத்தாவிடம் இதைப் பற்றிக் கேட்டதாகவோ சண்டை போட்டதாகவோ எனக்குத் தெரியவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், அவர் மௌத்தாகும் வரைக்கும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அவளாகப் போகமாட்டாள். போனாலும் குழந்தையை அவள் மடியில் யாரும் கொடுக்கமாட்டார்கள். என் பெரிய மகன் பிறந்தபோது என் மாமியார்கூட, "கொஞ்சம் பாத்து வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் கையில் வைத்தாள். நான் பக்கத்தில் படுத்திருந்தேன். கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

பெரியத்தா ஹஜ் போய் வந்தார், பள்ளிவாசலுக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தார், நல்ல பெயரோடு போனார். மண்டி இருந்த இடத்தில் இப்போது கம்பெனியில் வேலை செய்கிற வடநாட்டுப் பையன்கள் தங்குகிறார்கள், மாடிக்கு மாடி துணி காய்கிறது. நான் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். பெரியத்தா, அத்தா, பெரியம்மா, சிஸ்டர் என்று ஒருவர் பாக்கி இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் அம்மாவும்.

அம்மாவின் ஜனாஸாவை ஆண்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு வீட்டில் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது. பேரன் பேத்தி எடுத்தவள், என்னை இனிமேல் யாரும் கட்ட வேண்டியதும் இல்லை, என்னை அடிக்கக்கூடிய ஆள் ஒருவரும் உயிரோடு இல்லை. பெரியத்தாவின் மூத்த மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"சின்னம்மா மாதிரி ஒரு மனுஷி வராது. ஆருக்கும் ஒரு கெடுதல் நெனச்சதில்ல. அந்தப் பையன் விஷயத்துலதான், பாவம், ஒரு பொய்ய எழுதிட்டு, காலம் பூரா அனுபவிச்சிட்டுப் போயிட்டாங்க. அல்லா மன்னிச்சிருவான்."

சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது. கணக்குப் போட்டது நான், போடச் சொன்னது உன் அத்தா. சுற்றிலும் இருபது பெண்கள். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாக்கா, அம்மாவுக்கு அப்ப வெவரம் பத்தல" என்றேன்.